ஒரு தெருவுக்கு ஒரு கடை

தொங்கும் கோட்டின் கையை இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே இழுத்துவிட்டு, நாலடி பின்னால் போய்ப் பார்த்து, திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுகிறார் மிசாவோ. கோட்டுக் கை இப்போது ஸ்டால் எல்லையைத் தாண்டி நடைபாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்படி நீட்டக்கூடாது என்பது கண்காட்சி விதி. காவலர் வந்து உள்ளே தள்ளுவார். அவர் முதுகைத் திருப்பியதும் மிசாவோ வெளியே இழுப்பார். "போறவங்க கையில பட்டாத்தான் கால் நிக்கும்" என்பது அவருடைய கட்சி. "கண்ணால பாக்குறவன் பாத்துக்கிட்டே போயிடுவான். தோலுல பட்டுச்சுன்னா திரும்பித்தான் ஆகணும்."

மார்ச் மாதம். ஒசாகா துறைமுகத்துப் பக்கம் இருக்கும் பெரிய மண்டபத்துக்குள் மட்டும் அடுத்த குளிர்காலம் வந்துவிட்டது. கடைக்காரர்கள் முன்கூட்டியே ஆர்டர் கொடுக்க வரும் துணிக் கண்காட்சி அது. வரிசை வரிசையாகக் கம்பளிக் கோட்டு, வரிசை வரிசையாக மனிதர்கள். ஏர்கண்டிஷனர் தோற்றுக்கொண்டிருக்கிறது. மிசாவோ துணி தைப்பவர் அல்லர், கடை வைத்திருப்பவரும் அல்லர். இரண்டு பேருக்கும் நடுவில் ஓடுகிற ஏஜென்ட். ஐம்பதைத் தாண்டியவர், உயரம் குறைவு. நாளெல்லாம் நிற்பதால் வலிக்கும் பாதங்களை ஒவ்வொன்றாகச் செருப்பிலிருந்து உருவி, கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றபடியே வியாபாரம் பேசுவார். ஸ்டாலில் இருக்கும் ஒரே நாற்காலி வாடிக்கையாளருக்கு. அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

கடைக்காரர்களுக்குச் சிவப்புக் கயிற்றில் அடையாள அட்டை கொடுக்கிறார்கள். கொடுத்த ஐந்தாவது நிமிடம் அது சட்டைக்குள் போய்விடுகிறது. வெளியே தெரிந்தால் ஏஜென்ட்டுகள் மொய்த்துவிடுவார்கள் என்ற பயம். மிசாவோவுக்கு அட்டை தேவையில்லை. ஒரு கோட்டை எடுத்தவர் அதன் முகத்தைப் பார்க்கிறாரா, உள்பக்கத்தைத் திருப்பி விலாத் தையலைப் பார்க்கிறாரா என்று கவனிப்பார். முகம் பார்க்கிறவர் படிக்கிற பிள்ளை, இல்லாவிட்டால் வேவு பார்க்க வந்த போட்டிக் கம்பெனி. விலாவைத் திருப்புகிறவர் கடைக்காரர்.

கூவி அழைப்பது அவருக்குப் பிடிக்காது. எதிர் ஸ்டால் உகாய் நாள் முழுக்கக் கூவுவார். பருத்த ஆள், கிளிப்பச்சை டை, நகைச்சுவைக்குக் குறைவில்லை. "அக்கா, நீங்க வாயைத் திறக்காம விக்கிறீங்க, நான் வாயை மூடாம விக்கிறேன். சாயங்காலம் ரெண்டு பேருக்கும் ஒரே கால்வலி" என்பார். அதற்கு மிசாவோ, "உனக்கு வாயும் வலிக்கும்ல" என்று முகம் திருப்பாமலே பதில் சொல்வார்.

விற்கிற துணியைத் தானே போட்டுக்கொண்டு நிற்பது மிசாவோவின் வழக்கம். அதிலும் எது விற்கவில்லையோ அதைத்தான் போடுவார். சாம்பிள்கள் எல்லாம் நெட்டையான பெண்களுக்கு அளவெடுத்தவை. கையை ஒரு மடிப்பு மடித்துக்கொண்டு அவர் நடமாடுவதைப் பார்த்து, "நீங்க போட்டிருக்கீங்களே அது" என்று ஆர்டர் கொடுப்பவர்கள் உண்டு. ஆர்டர் விழுந்ததும் திரைக்குப் பின்னால் போய் அடுத்த விற்காத கோட்டை மாட்டிக்கொண்டு வருவார். சோற்றுருண்டையையும் அதே திரைக்குப் பின்னால் நின்றபடிதான் தின்பது. உருண்டையைச் சுற்றியிருந்த கடற்பாசி பல்லில் ஒட்டியிருக்கிறதா என்று கோட்டுப் பித்தானில் முகம் பார்த்துக்கொள்வார்.

வெளியிலும் கை சும்மா இருக்காது. ஒருமுறை ரயிலில் முன்பின் தெரியாத ஒருவரின் தோளில் தொங்கிய நூலைப் பிடுங்கிவிட்டார். அந்த மனிதர் எழுந்து அடுத்த பெட்டிக்கே போய்விட்டார். "நூலையாவது வாங்கிட்டுப் போயிருக்கலாம்" என்று அதைப் பற்றி ஒரு வருஷம் சிரித்தார்.

கண்காட்சி இல்லாத மாதங்களில் ஊர் ஊராகச் சுற்றுவார். எந்த ஊரில் எப்போது முதல் குளிர் விழும், எந்த ஊர்ப் பெண்கள் பழுப்பு நிறத்தைத் தொடமாட்டார்கள், எந்தக் கடைத்தெருவில் வெயில் எந்தப் பக்கம் அடித்து ஷோகேஸ் துணியை வெளிறச் செய்யும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கடைக்காரரைப் பார்ப்பதற்கு முன் எதிர்வாடையில் நின்று கொஞ்ச நேரம் கடையைப் பார்ப்பார். உள்ளே போகிறவர்களைவிட, கண்ணாடிக்கு முன் நின்று யோசித்துவிட்டுப் போகிறவர்களைத்தான் பார்ப்பார். "அவங்களுக்குத்தான் நான் விக்கணும். உள்ள போறவங்களுக்குக் கடைக்காரங்களே வித்துக்குவாங்க."

இந்தத் தொழிலில் எழுதப்படாத ஒரு விதி உண்டு: ஒரு தெருவுக்கு ஒரு கடை. ஒரே கோட்டு இரண்டு ஷோகேஸில் தொங்கினால் இரண்டு கடைக்கும் அவமானம். முதலில் பயப்படுகிறவர் விலையைக் குறைப்பார், அதோடு துணியின் மானமும் போகும். அதனால் புதிதாக யார் வந்தாலும் மிசாவோ பெயருக்கு முன்பே கேட்கிற கேள்வி, "உங்க கடை எந்தத் தெருவுல?" என்பதுதான். ஆர்டர் முடிந்ததும் குனிந்து வணங்கி, "உங்க தெருவுல உங்க ஷோகேஸ்ல மட்டும்தான்" என்பார். காகிதத்தில் கையெழுத்து எதுவும் கிடையாது. ஷிக்கோகு தீவு முழுக்க அவருடைய வியாபாரம் அந்த வாக்கியத்தின் மேல்தான் ஓடுகிறது. ஒரு ஊரில் அது பொய்த்தால் மறுநாள் காலைக்குள் மற்ற ஊர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும்.

இந்த மார்ச்சில் அவரிடம் இருந்தது ஒரே ஒரு சரக்கு. மற்ற இரண்டு கம்பெனிகள் போன வருஷம் கைவிட்டுப் போயின. ஒன்று மூடிவிட்டது, இன்னொன்று நேரடியாக விற்கப் போய்விட்டது. மிச்சம் நாருசேயின் கோட்டுகள். நாருசே முப்பதுகளில் இருக்கும் வடிவமைப்பாளர். வெட்டுவதிலும் தைப்பதிலும் கைதேர்ந்தவர், விற்கத் தெரியாதவர். ஸ்டால் மூலையில் நின்று ஒரே ஹேங்கரை நேராக்கிக்கொண்டிருந்தார். இத்தனை உருப்படிக்குக் குறைந்தால் மெஷினையே ஓட்டமாட்டோம் என்று தையல்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். "ஹிராகாசான், எண்ணிக்கை வந்துடுமா?" என்று மிசாவோவைக் குடும்பப் பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து அழைத்து அவ்வப்போது கேட்டார். "வரும்" என்றார் மிசாவோ, வாசலைப் பார்த்தபடி.

வாசலில் அவர் தேடிக்கொண்டிருந்தது கதோவாக்கி அம்மாளை. ஷிக்கோகுவின் தக்காமாட்சு நகரில் கூரை போட்ட நீளமான கடைத்தெருவின் நடுவில் பெண்கள் துணிக்கடை வைத்திருப்பவர். எழுபதை நெருங்குகிறார், தலைமுடிக்கு ஊதாச் சாயம். ஒவ்வொரு கண்காட்சியிலும் கதவு திறந்ததும் நேராக மிசாவோவின் ஸ்டாலுக்கு வந்து, நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் திணித்து, "மிட்டாய் தின்னாதே பொண்ணே, ஏஜென்ட் குண்டானா கோட்டு நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் துணியைத் தொடுவார். அவர் வாங்கினால் மற்ற ஊர்க்காரர்கள் பின்னால் வருவார்கள். அன்று கதவு திறந்து வெகுநேரமாகியும் ஆளைக் காணோம். தொலைபேசியையும் எடுக்கவில்லை.

அப்போதுதான் மியோஷி வந்தார். இளைஞர், தோளில் பெரிய பை. நீட்டியிருந்த கோட்டுக் கை அவர் கையில் உரசியது. நின்றார். கோட்டை எடுத்து உள்பக்கத்தைத் திருப்பி விலாத் தையலைப் பார்த்தார். மிசாவோவுக்குப் பிடித்துப்போயிற்று.

"மருகாமேயிலிருந்து வர்றேங்க. இந்த வசந்தத்துலதான் கடை திறக்கிறேன். மொதல் கடை."

"மருகாமேயா? அங்க டிசம்பர் வரைக்கும் கனமான கோட்டு நகராது. இந்த மெல்லிசானதை எடுங்க" என்றார் மிசாவோ. மருகாமே தக்காமாட்சுவிலிருந்து ரயிலில் போகிற தூரத்தில் இருக்கும் வேறு ஊர். சொல்லும்போதே கண் அவர் தோளுக்கு மேலாக வாசலுக்குப் போயிற்று. ஊதா நிறத்தில் ஒரு தலை தெரிந்தது. இல்லை, யாரோ ஒருவரின் தொப்பி.

மியோஷி அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நாருசேயிடம் நூலைப் பற்றிக் கேட்டார். எல்லா நிறத்திலும் எல்லா அளவிலும் ஆர்டர் கொடுத்தார். மூலையில் நாருசேயின் தோள்கள் காலையிலிருந்து முதல்முறையாகக் கீழே இறங்கின. எண்ணிக்கை வந்துவிட்டது. மிசாவோ குனிந்து வணங்கினார். "உங்க தெருவுல உங்க ஷோகேஸ்ல மட்டும்தான்."

மியோஷி கண்ணைச் சிமிட்டினார். "அப்படியா? அப்போ எதிர்க்கடை அம்மாவுக்கு இனிமே இல்லையா?"

"எந்த எதிர்க்கடை?"

"தக்காமாட்சுல. வீடுதாங்க மருகாமேயில. கடை போடுறது தக்காமாட்சு கடைத்தெருவுல. எதிர்ல ஒரு ஊதாமுடி அம்மா இருக்காங்களே, அவங்க ஷோகேஸ்லதான் உங்க கோட்டையே பாத்தேன். நல்லா இருக்கேன்னு விசாரிச்சு வந்தேன்."

மிசாவோவின் ஒரு கால் செருப்புக்கு வெளியே இருந்தது. அதை உள்ளே நுழைக்க அவர் மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. எந்தத் தெரு என்று இவரிடம் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் கேட்காமல் விட்டதே இல்லை. "தம்பி, சாப்பிட்டுட்டு வாங்க. நீங்க வந்ததும் பேசுவோம்" என்றார். மியோஷி ஒன்றும் புரியாமல் போனார்.

எதிரிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உகாய் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்துவது அபூர்வம். "அக்கா, உங்க ஊதாமுடி காலையிலேயே வந்தாச்சு. கிழக்கு வாசல் வழியா. கடைசி வரிசையில பாத்தேன். உங்ககிட்ட வந்துட்டுப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன்."

மிசாவோ ஓடினார். போட்டிருந்த சாம்பிள் கோட்டின் விளிம்பு கணுக்காலில் அடிக்க, சக்கரப் பெட்டிகளைத் தாண்டி, பொம்மைகளை இடித்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி இடித்து ஓடினார். கடைசி வரிசைக்கு அப்பால் சாப்பாட்டுப் பகுதியில், ஒரு கிண்ணம் உதோன் நூடுல்ஸை எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், உதோனுக்குப் பேர்போன ஊர்க்காரரான கதோவாக்கி.

"இதை உதோன்னு சொல்றதுக்கு ஒசாகாக்காரனுக்கு வெக்கமா இல்ல? நூல்கண்டை வேகவெச்ச மாதிரி இருக்கு."

"என்னைப் பாக்காம சுத்திட்டிருக்கீங்களே..."

"உக்காரு." மிசாவோ உட்காரவில்லை. "சரி, நில்லு. எனக்கு எதிர்ல புதுசா கடை வருது, பலகை மாட்டிட்டான். என் கண்ணாடி முன்னாடி தினம் நின்னு உன் கோட்டையே பாத்திட்டிருந்தான். உன்கிட்ட வருவான்னு தெரியும். நீ என்ன பண்றேன்னு பாக்கத்தான் ஒதுங்கி நின்னேன். வந்தானா?"

"வந்தாரு."

"குடுத்தியா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். மியோஷி திரும்பி வருவதற்குள் ஏதாவது காரணம் சொல்லி ரத்து செய்துவிட்டால் இந்த அம்மாளுக்குத் தெரியவே போவதில்லை. மிசாவோவின் கை தன் கோட்டில் இல்லாத நூலைத் தேடியது.

"குடுத்தேன். இப்பத்தான். மருகாமேன்னு சொன்னாரு, எந்தத் தெருன்னு நான் கேக்கல."

"நீயா கேக்கல?"

"உங்களைத் தேடி வாசலைப் பாத்திட்டிருந்தேன்."

கதோவாக்கி குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் குறுக்காக வைத்தார். "இவ்வளவு நாள் உன் வாய்ச்சொல்லுக்காகத்தான் வாங்கினேன் பொண்ணே. கோட்டு எவன் வேணாலும் தைப்பான்." தன் சக்கரப் பெட்டியின் கைப்பிடியை நீட்டிக்கொண்டு எழுந்தார். "சரி, ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்."

கண்காட்சியில் இந்த ஒரு வாக்கியத்துக்கு எல்லாருக்கும் அர்த்தம் தெரியும். சுற்றிவிட்டு யாரும் வருவதில்லை. நாகரிகமாக 'வேண்டாம்' என்று சொல்கிற வழி அது. மிசாவோவிடம் கதோவாக்கி அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஸ்டாலுக்குத் திரும்பியபோது மியோஷி காத்திருந்தார். மிசாவோ இடுப்பு வரை குனிந்தார். அப்படியே குனிந்த நிலையில் சொன்னார்: "தம்பி, தப்பு என்னோடது. உங்க தெருவை நான் ஏற்கெனவே ஒருத்தருக்குக் குடுத்துட்டேன். இந்த ஆர்டரை நான் எடுக்க முடியாது. உங்களுக்குப் பொருத்தமா வேற சரக்கு இருக்கிற ஸ்டாலுக்கெல்லாம் நானே கூட்டிட்டுப் போறேன்."

"நான் என்னங்க தப்பு பண்ணேன்? கேட்டீங்கன்னா சொல்லியிருப்பேனே" என்றார் மியோஷி. குரலில் கோபத்தைவிட ஏமாற்றம் அதிகம். அவர் கேட்டது நியாயம்தான்.

"ஒரு நிமிஷம்." நாருசே மூலையிலிருந்து வெளியே வந்தார். "ஹிராகாசான், இந்த ஆர்டர் இல்லேன்னா தையல்கூடத்துல என் துணியைத் தொடமாட்டாங்க. அந்த அம்மா எப்பவும் எடுக்கிறது இதுல பாதிகூடக் கிடையாது. அவங்களும் இன்னும் ஒண்ணும் எடுக்கல."

"இனிமேயும் எடுக்கமாட்டாங்க."

"பின்ன எதுக்கு?"

"அவங்க தெருவுல அவங்க ஷோகேஸ்ல மட்டும்தான்னு சொல்லியிருக்கேன். அவங்க எடுத்தாலும் எடுக்கலேன்னாலும் சொன்னது சொன்னதுதான்."

நாருசே ஹேங்கரை விட்டுவிட்டுக் கையைப் பிசைந்தார். சண்டை போடத் தெரியாத மனிதர். "துணி என்னோடது. நான் நேரடியாக் குடுத்தா?"

"குடுங்க. உங்க உரிமை, நான் குறுக்க வரமாட்டேன். தம்பி நல்லாப் பாத்துத்தான் எடுத்திருக்காரு, துணியைக் கெடுக்கமாட்டாரு. ஆனா அது என் வாயால நடக்காது. அதுக்கப்புறம் உங்க கோட்டை நான் தூக்கிட்டு ஊர் ஊராப் போகவும் முடியாது. என்னன்னு சொல்லிப் போவேன்?"

மியோஷி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாருசே தரையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை மியோஷிக்கு இழுத்துப்போட்டார். முடிவை அவர் சொன்ன விதம் அதுதான்.

மிசாவோ போட்டிருந்த சாம்பிளைக் கழற்றினார். கையின் மடிப்பைப் பிரித்து, உள்ளங்கையால் தடவி நேராக்கி, அதன் இடத்தில் மாட்டினார். உள்ளே அவருடைய சொந்த உடை சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, முழங்கையில் நூல் தேய்ந்திருந்தது. அந்த மண்டபத்தில் அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை. நடைபாதையில் இறங்கினார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் திரும்பினார். கையில் தூக்க எதுவும் இல்லாததால் கைகள் சட்டைப் பையைத் தேடின. அதற்குப் பையும் இல்லை.

எதிரே உகாயின் சிரிப்பு கேட்டது. அவருடைய ஸ்டாலுக்குள் ஊதாத் தலை ஒன்று துணி வரிசையில் குனிந்திருந்தது. எதிர்க்கடையில் நாருசேயின் கோட்டு வரப்போகிறது என்றால், தன் ஷோகேஸில் தொங்கவிட கதோவாக்கிக்கும் ஏதாவது வேண்டுமே. கையில் ஒரு வெளிர்சாம்பல் கோட்டு.

"இதைப் போட்டா பத்து வயசு குறையும் அம்மா!"

"அப்போ நாலு குடு. நாப்பது குறையட்டும்."

சிரித்தாலும் அவர் விரல்கள் கோட்டின் கழுத்துப்பட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தன. முடிவெடுக்க முடியாதபோது அவர் அப்படித்தான் செய்வார். உகாய்க்கு அது தெரியாது, அடுத்த நகைச்சுவைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

வாடிக்கையாளர் உள்ளே இருக்கும்போது ஓர் ஏஜென்ட் இன்னொரு ஏஜென்ட்டின் ஸ்டாலுக்குள் கால் வைப்பதில்லை. அடுத்தவர் தட்டில் கை வைப்பதுபோல அது. மிசாவோ வாசலில் நின்றார். உகாய் நிமிர்ந்து அவருடைய தேய்ந்த முழங்கையைப் பார்த்தார், எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மியோஷியைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். மிசாவோ அவருக்கு வணங்கினார். உகாய் தன் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்.

"என்ன, உன் ஸ்டாலை விட்டுட்டு வந்திருக்கே?" கதோவாக்கி திரும்பாமலே கேட்டார்.

"என் ஸ்டால் இல்ல அது."

கழுத்துப்பட்டையில் இருந்த விரல்கள் நின்றன. கதோவாக்கி திரும்பினார். எதிர் ஸ்டாலை, மியோஷியை, கடைசியாக மிசாவோவின் கம்பளிச் சட்டையை வெகுநேரம் பார்த்தார். "அசடு" என்றார்.

மிசாவோ அந்த அம்மாளின் கையிலிருந்த சாம்பல் கோட்டை வாங்கி ஹேங்கரில் மாட்டினார். வரிசையின் மேல் உள்ளங்கையை ஓட்டிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தி, பாசிப்பச்சை நிறக் கோட்டு ஒன்றை உருவினார். ஒரே உதறு. தோளைப் பிடித்து விரித்துக் கதோவாக்கியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். அந்த அம்மாளின் வலது தோள் முழுசாக உயராது. கை நுழைவதற்கு வாகாக, கோட்டின் வலப்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார்.